சிரிப்பொலி நின்ற பிறகு அந்த வீடு

கேள்வி இதுதான்: பலரும் சிறுவயதில் பார்த்துச் சிரித்த ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடரை, அதே பாத்திரங்களையும் அதே வீட்டையும் வைத்துக்கொண்டு இன்றைய பாணி நாடகத் தொடராக மாற்ற முடியுமா? ‘த ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’ என்ற அமெரிக்க சிட்காம் ‘பெல்-ஏர்’ ஆனபோது அது தேறியதா? வேறு தொடர்களுக்கும் இது பொருந்துமா? முடியும், பாதி தேறியது, எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த வரியால் யாருக்கும் பயன் இருக்காது என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன். இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நகைச்சுவையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோகத்தைப் போடுவது என்ற அளவிலேயே நின்றுவிடுகிறார்கள். என் கணக்கு வேறு. சிட்காமில் வாழ்கிறவர்களுக்குப் போன வாரம் நடந்தது நினைவில் இருப்பதில்லை. நாடகத்தில் வாழ்கிறவர்களுக்கு எல்லாமே நினைவிருக்கிறது. மற்ற வேறுபாடுகள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

அந்த மறதி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிட்டு மேலே செல்வது நல்லது. 1951இல் ‘ஐ லவ் லூசி’ என்ற அமெரிக்க சிட்காம் தொடங்கியபோது அதில் நடித்துத் தயாரித்த டெசி ஆர்னாஸும் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்டும் மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்துப் படம்பிடிக்கும் முறையை நிலைநிறுத்தினார்கள். அந்த முறையில் வரவேற்பறை என்பது ஒரு மேடை. சோஃபா எப்போதும் பார்வையாளரை நோக்கியே கிடக்கும். நான்காவது சுவர் இருக்காது. எந்தக் கேமராவில் பார்த்தாலும் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் வெளிச்சம் எல்லா மூலைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். நடிகர் ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சிரிப்பு எழுந்து அடங்கும்வரை காத்திருப்பார். ஒருவர் மற்றவரைப் புண்படுத்தும்படி எதையோ சொல்கிறார், அரங்கம் சிரிக்கிறது, புண்பட்டவர் பதிலுக்கு ஒன்று சொல்கிறார், மீண்டும் சிரிப்பு. இரண்டு சிரிப்புகளுக்கு நடுவே உண்மையிலேயே வலித்ததா என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. விளம்பரங்கள் போக இருபத்திரண்டு நிமிடங்கள் அளவில் கதை முடிந்து வீடு பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். இதற்கு வணிகக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் ஒரு சிட்காம் பெருமளவு பணம் ஈட்டுவது மறுஒளிபரப்பில்தான்; மறுஒளிபரப்பில் எந்த எபிசோடை யார் எந்த வரிசையில் பார்த்தாலும் புரிய வேண்டும். எனவே கதாபாத்திரங்களின் மறதி, எழுத்தாளர்களின் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. விற்பதற்காகவே அப்படிச் செய்த பண்டம் அது.

சிரிப்பொலிக்கு இருக்கும் பலத்தை அறிய ‘மேஷ்’ (1972–1983) தொடரின் ஒரு செய்தி போதும். கொரியப் போர்க்களத்து ராணுவ மருத்துவமனையில் நடக்கும் கதை அது. அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நிறுவனம், பதிவு செய்த சிரிப்பொலி கட்டாயம் வேண்டும் என்றது. தயாரிப்பாளர்கள் வாதாடி, அறுவைசிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் அது ஒலிக்காது என்ற சலுகையைப் பெற்றார்கள். மருத்துவர்கள் அந்த அறையிலும் வெளியே பேசுவதுபோலவே கிண்டலாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் கூடாரத்தில் வேடிக்கையாக ஒலித்த அதே கிண்டல், சிரிப்பொலி இல்லாத அறுவை மேசையில், தூக்கமில்லாத ஒருவன் உடைந்துவிடாமல் இருக்கப் பற்றிக்கொண்ட கயிறாக மாறிவிடும். பிரிட்டனில் பிபிசி அந்தத் தொடரைச் சிரிப்பொலி இல்லாமலேயே ஒளிபரப்பியது. ஆக, வசனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் சிட்காமை நாடகமாக்கும் சோதனையை அமெரிக்கத் தொலைக்காட்சி எழுபதுகளிலேயே செய்து பார்த்துவிட்டது.

இனி ஃப்ரெஷ் பிரின்ஸுக்கு வருகிறேன். 1990 செப்டம்பர் 10 முதல் 1996 மே 20 வரை என்பிசியில் ஆறு சீசன்கள், 148 எபிசோடுகள் ஓடிய தொடர் அது. வெஸ்ட் ஃபிலடெல்ஃபியாவில் வளரும் வில் என்ற கறுப்பின இளைஞன், லாஸ் ஏஞ்சலிஸின் பெரும் பணக்காரர்கள் வாழும் பெல்-ஏர் பகுதியில் இருக்கும் தன் தாயின் சகோதரி விவியன், அவர் கணவர் ஃபில் பேங்க்ஸ் ஆகியோரின் மாளிகைக்கு அனுப்பப்படுகிறான். இசைத்துறை நிர்வாகியான பென்னி மெடினாவின் வாழ்க்கையே கதையின் வித்து. வறுமையில் வளர்ந்த மெடினா, பெவர்லி ஹில்ஸில் ஒரு வசதியான வெள்ளையர் குடும்பத்தில் போய் வாழ்ந்தவர். தொடருக்காக அந்தக் குடும்பத்தையும் கறுப்பினக் குடும்பமாக்கியதுதான் மொத்தத் திட்டத்திலும் புத்திசாலித்தனமான முடிவு என்பேன். வெள்ளையர் வீட்டில் கறுப்பினப் பிள்ளை என்றால் கதை இனத்தோடு நின்றிருக்கும். இங்கே கறுப்பின மனிதர் ஒருவர் தன் மாளிகைக்குள், தன் சொந்த இனத்துப் பையனைப் பார்த்துச் சங்கடப்படுகிறார். வர்க்கம், நினைவு, விட்டுவந்த ஊர் எல்லாமே வரவேற்பறைக்குள் வந்துவிட்டன.

2019 மார்ச்சில் மிசூரி மாநிலம் கான்சஸ் சிட்டியைச் சேர்ந்த மார்கன் கூப்பர் என்ற இளம் இயக்குநர், இந்தத் தொடரை இன்றைய நாடகமாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று தாமே ஒரு ட்ரெய்லரைப் படம்பிடித்து யூடியூபில் வெளியிட்டார். அப்படி ஒரு தொடரே அப்போது இல்லை. இல்லாத தொடருக்கு ட்ரெய்லர். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், பழைய தொடரில் வில்லாக நடித்த வில் ஸ்மித்தும் பார்த்துவிட்டுக் கூப்பரை அழைத்துப் பேசினார். 2020 செப்டம்பரில் பீகாக் ஓடிடி தளம் எடுத்த எடுப்பிலேயே இரண்டு சீசன்களுக்கு ஒப்புக்கொண்டது. 2022 பிப்ரவரி 13 அன்று ‘பெல்-ஏர்’ வெளியானது. நான்காவதும் கடைசியுமான சீசன் 2025 நவம்பரில் தொடங்கியது. புதிய வில்லாக நடித்த ஜபாரி பேங்க்ஸ் உண்மையிலேயே வெஸ்ட் ஃபிலடெல்ஃபியாக்காரர். கதைக் குடும்பத்தின் பெயரே அவருடைய குடும்பப் பெயராகவும் அமைந்தது தற்செயல்.

பழைய தொடரின் தலைப்புப் பாடலில், வில் ஏன் ஊரை விட்டு அனுப்பப்பட்டான் என்பதற்கு ஒரே ஒரு வரிதான் காரணம் சொல்கிறது: விளையாட்டுத் திடலில் ஒரு சின்னச் சண்டை, அம்மா பயந்துவிட்டாள். அந்தச் சின்னச் சண்டைக்குக் கணக்குக் கேட்பதுதான் புதிய தொடரின் முதல் எபிசோட். கூடைப்பந்துத் திடலில் பந்தயம், வாய்ச்சண்டை, அடிதடி, வில்லின் பையிலிருந்து வெளியே வரும் துப்பாக்கி, காவலர்கள், கைது. கறுப்பின இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு பிடிபட்டால் அதைச் சின்னச் சண்டை என்று சொல்ல இயலாது. அவனை வெளியே கொண்டுவர ஃபில் தம் செல்வாக்கைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அதே ஃபில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் பதவிக்குப் போட்டியிடுகிறார். எனவே வில்லைக் காப்பாற்றிய செயல், வேட்பாளர் மறைக்க வேண்டிய ரகசியமாகிவிடுகிறது. பழைய பாட்டின் ஒற்றை வரியிலிருந்து இவ்வளவும் இயல்பாக வந்துவிட்டது பாருங்கள். எழுத்தாளர்கள் பெரும்பகுதியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவே இல்லை. சிட்காம் பேசாமல் விட்ட பாக்கியைத்தான் வசூலிக்கிறார்கள். மாற்றம் சரியாக நடக்கும்போது அதன் அடையாளம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கார்ல்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அல்ஃபோன்சோ ரிபெய்ரோ நடித்த பழைய கார்ல்டன், கழுத்தில் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு, டாம் ஜோன்ஸ் பாட்டுக்குக் கைகளை வீசி ஆடுகிற, குள்ளம் என்றும் கறுப்பினத்தவனாக நடந்துகொள்ளத் தெரியாதவன் என்றும் வாராவாரம் கேலி செய்யப்படுகிற பையன். ஆறு ஆண்டுகள் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில், ஒருவனுடைய அடையாளத்தையே ஒருவர் மாற்றி ஒருவர் பழிக்கிறார்கள். அவனோ அடுத்த நாள் அதே புன்னகையோடு படியிறங்கி வருகிறான். நிஜ வாழ்க்கையில் அப்படி ஒரு பையன் என்ன ஆவான்? ஓலி ஷோலோடன் நடித்த புதிய கார்ல்டன் அதற்கான பதில். பள்ளியில் அவன்தான் அரசன். லக்ராஸ் அணியின் நட்சத்திரம். உடைமாற்றும் அறையில் வெள்ளைக்கார நண்பர்கள் ராப் பாட்டோடு சேர்ந்து, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைச் சத்தமாகப் பாடும்போது பேசாமல் இருக்கிறான். நேற்று வந்த வில் அதைத் தட்டிக் கேட்கிறான். கார்ல்டனோ வில்லின் மீதுதான் கோபப்படுகிறான். பழைய தொடரில் நகைச்சுவையாக ஓடிய பகை இங்கே, இத்தனை ஆண்டுகள் இடத்தைத் தக்கவைக்கத் தான் விழுங்கிய அவமானங்களை ஒருவன் வந்து ஒரே நாளில் அம்பலப்படுத்திவிட்டான் என்ற பகையாக இருக்கிறது. பதற்றமும் போதைப்பழக்கமும் அவனுக்கு இருப்பதும் பொருந்துகிறது. பழைய தொடரிலும் போதை மாத்திரைக் கதை ஒன்று வந்திருக்கிறது. வில் வைத்திருந்த ஊக்க மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிக் கார்ல்டன் மருத்துவமனைக்குப் போவான், வில் அழுவான், அடுத்த வாரம் யாருக்கும் அது நினைவிருக்காது. புதிய தொடரின் மிகச் சிறந்த சாதனை எது என்று கேட்டால் தயங்காமல் கார்ல்டன் என்பேன்.

மற்றவர்களைப் பற்றி விரைவாகவே சொல்லிவிடலாம். கடைத்தெருவே உலகம் என்றிருந்த ஹிலரி, சமையலை வைத்து இணையத்தில் பெயர் தேடும் பெண்ணாகியிருக்கிறாள். பொருத்தமான மாற்றம், ஆனால் அவளுக்குள் பெரிய ரகசியம் எதுவும் திறக்கவில்லை. பழைய ஜெஃப்ரி நாக்கில் கத்தி வைத்திருக்கும் ஆங்கிலேயப் பட்லர். ஜிம்மி அகிங்போலா நடித்த புதிய ஜெஃப்ரி, வீட்டு நிர்வாகி என்ற பெயரில் குடும்பத்தின் இருட்டு வேலைகளையும் பார்த்துக்கொள்கிறவர். பணக்காரக் குடும்பத்துக்கு ஏன் இப்படியொரு ஆள் தேவைப்படுகிறது என்ற கேள்வி நல்லதுதான். தொடர் அதைச் சில இடங்களில் குற்றக்கதையின் விறுவிறுப்புக்காக மட்டும் செலவழித்துவிட்டது என்பது என் குறை.

சிட்காமில் இருந்த சில விஷயங்களை எந்த நாடகமும் ஜீரணிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வில்லின் நண்பன் ஜாஸை ஃபில் வாசல் வழியே காற்றில் பறக்கத் தூக்கி எறிவார்; தொடர் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்த வேடிக்கை அது. ஒருமுறை எடுத்த காட்சியையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள். எனவே ஜாஸ் எந்தச் சட்டையோடு உள்ளே வந்தாலும் வெளியே பறக்கும்போது அதே பழைய சட்டையில் பறப்பார், அல்லது எறியப்படப் போகும் நாளில் முன்கூட்டியே அந்தச் சட்டையைப் போட்டிருப்பார். நாடகத்தில் ஒரு வழக்கறிஞர் ஓர் இளைஞனைத் தூக்கி வெளியே எறிந்தால் அது தாக்குதல் வழக்கு. பழைய தொடரின் நான்காவது சீசனில் ஹிலரியின் காதலன் டிரெவர், நேரடி ஒளிபரப்பில் கயிறு கட்டி உயரத்திலிருந்து குதித்தபடியே அவளிடம் திருமணம் பேசி, கீழே மோதி இறந்துபோகிறான். அரங்கம் சிரித்தது. ஒரு மரணத்தையே துணுக்காக்கிவிட்டுத் துக்கத்தை ஓரிரு எபிசோடில் முடித்துக்கொள்ளும் துணிச்சல் சிட்காமுக்கு மட்டும்தான் உண்டு. அதே காலகட்டத்தில் விவியன் பாத்திரத்தில் ஜேனட் ஹ்யூபர்ட் போய் டாஃப்னி மேக்ஸ்வெல் ரீட் வந்தார். குழந்தை பிறந்த பிறகு உங்களிடம் ஏதோ மாறியிருக்கிறது என்று ஜாஸ் புதிய விவியனிடம் சொல்வதும், வில் கேமராவைத் திரும்பிப் பார்ப்பதுமாக விஷயம் முடிந்தது. ஒரு தாயே மாறிவிட்டாள், வீடு நகர்ந்துகொண்டே இருக்கிறது! இந்த லாகவத்தை இழப்பது சிறிய இழப்பு இல்லை.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய தொடர் நாடகத்தை அறியாத தொடர் அன்று. முதல் எபிசோடின் முடிவிலேயே ஃபிலும் வில்லும் மோதிக்கொள்கிறார்கள். வில் தன் அறையில் கறுப்பின உரிமைப் போராளி மால்கம் எக்ஸின் படத்தை மாட்டியிருக்கிறான். மாளிகைக்கு வந்ததும் வேரை மறந்துவிட்டீர்கள் என்ற தொனியில் பேசுகிறான். அந்த மனிதர் பேசியதை நேரில் கேட்டவன் நான், அவரை உன் நடத்தைக்குச் சாக்காக இழுக்காதே என்கிறார் ஃபில். அவர் எழுந்து போன பிறகு வில் பியானோவில் அமர்ந்து பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ வாசிக்கிறான். அவர் நின்று திரும்பிப் பார்க்கிறார். இருவருமே மற்றவரைத் தப்பாக எடை போட்டிருந்தார்கள் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொன்ன காட்சி. அதே 1990 அக்டோபரில் வந்த இன்னொரு எபிசோடில், ஃபிலின் நண்பருடைய விலையுயர்ந்த காரை ஓட்டிச்செல்லும் வில்லையும் கார்ல்டனையும் காவலர்கள் மறித்து, கார் திருடர்கள் என்று அடைத்துவிடுகிறார்கள். வீடு திரும்பிய பிறகு கார்ல்டன் காவலர்கள் தங்கள் கடமையைத்தான் செய்தார்கள் என்று வாதிடுகிறான். அவ்வளவு மெதுவாக ஒரு கார் போனால் நீங்களும் நிறுத்தியிருக்க மாட்டீர்களா என்று தந்தையைக் கேட்கிறான். என்னை முதன்முதலில் நிறுத்தியபோது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபில் மாடிக்குப் போகிறார். கார்ல்டன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். நான் நிறுத்தியிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். குரலில் உறுதி இல்லை. எபிசோட் அங்கே முடிகிறது. அடுத்த வாரம் அவனுக்கு இது எதுவும் ஞாபகம் இல்லை. புதிய கார்ல்டன், அந்தச் சோஃபாவிலிருந்து எழுந்திருக்காத பழைய கார்ல்டன்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது பலரும் எதிர்பார்க்கும் இடத்துக்கு வருகிறேன். 1994 மே 9 அன்று ஒளிபரப்பான எபிசோடில், வில்லை ஐந்து வயதில் விட்டுப்போன தந்தை லூ, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்து நிற்கிறார். லாரி ஓட்டுநர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர், கோடை விடுமுறை முழுவதும் தன்னோடு பயணம் வரும்படி மகனை அழைக்கிறார். புறப்படும் நாளில் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். வில் முதலில் அலட்சியமாகப் பேசுகிறான். அறையில் அங்குமிங்கும் நடந்தபடி, அவர் இல்லாமலேயே பந்து போடக் கற்றேன், சவரம் செய்யக் கற்றேன், பதினான்கு பிறந்தநாள்கள் அவர் இல்லாமலேயே போயின, ஓர் அட்டைகூட வந்ததில்லை என்று அடுக்குகிறான். குரல் உயர்ந்துகொண்டே போகிறது. பிறகு குரல் சட்டென்று விழுந்துவிடுகிறது. அவருக்கு நான் ஏன் வேண்டாம் என்று கேட்கிறான். ஜேம்ஸ் ஏவரி நடித்த ஃபில் எதையும் சொல்லாமல் அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். கேமரா அவர்களை விட்டு விலகி, தந்தைக்குக் கொடுக்க வில் வாங்கி வைத்திருந்த சிறு சிலையில் போய் நிற்கிறது: குழந்தையை ஏந்திய ஒரு தந்தை. ஸ்மித்தின் சொந்த வாழ்க்கையே அங்கு வெடித்துவிட்டது என்று இணையத்தில் சுற்றும் கதை பொய். அவருடைய தந்தை குளிர்சாதனத் தொழில் நடத்தி அவரை வளர்த்தவர். அணைத்திருந்த நேரத்தில் ஏவரி தன் காதோரம், இதுதான் நடிப்பு என்று முணுமுணுத்ததாக ஸ்மித் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆரம்ப எபிசோடுகளில் ஸ்மித்தின் உதடுகளைக் கவனித்தால், மற்றவர்கள் பேசும் வரிகளையும் அவர் சேர்ந்து முணுமுணுப்பது தெரியும். மொத்தத் திரைக்கதையையும் மனப்பாடம் செய்துவைத்திருந்த அந்தப் புதிய நடிகர் நான்கு ஆண்டுகளில் எவ்வளவு தூரம் வந்திருந்தார் என்பதற்கு ஏவரியின் அந்த முணுமுணுப்பே அளவுகோல்.

புதிய தொடரில் அதே தந்தை முதல் சீசனின் கடைசி எபிசோடில் வருகிறார்; மார்லன் வேயன்ஸ் நடித்திருக்கிறார், நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் இந்த லூ காணாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது: அவர் சிறையில் இருந்தார், குடும்பத்துப் பெரியவர்கள் அதை வில்லிடம் மறைத்துவிட்டார்கள். நாடகத்துக்குக் காரணம் வேண்டும், எனவே கொடுத்தார்கள். அதில்தான் எனக்கு நெருடல். காரணம் வந்தவுடன் வில்லின் கோபம் பொய் சொன்ன பெரியவர்கள் மீது திரும்பிவிடுகிறது. ரகசியம், துரோகம், வீட்டைவிட்டுப் போவது என்று கதை வேறு தண்டவாளத்தில் ஏறிவிடுகிறது. பழைய காட்சியின் கொடுமையே காரணம் இல்லாததில் இருந்தது. லூ கெட்டவரும் அல்லர், சிறையிலும் இல்லை, அவர் வரலாம், வர விருப்பம் இல்லை, அவ்வளவுதான். வில்லின் கேள்விக்கு ஃபில் பதில் சொல்லாததற்குக் காரணம், பதிலே இல்லை என்பதுதான். புதிய தொடர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டது. எழுதியவுடன் கேள்வி சிறுத்துவிட்டது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது எழுத்தாளர்களின் பிழையன்று, வடிவத்தின் விதி. 1994இல் அந்தக் காட்சி அப்படித் தாக்கியதற்கு, அதற்கு முன்பிருந்த நான்கு ஆண்டுச் சிரிப்பே காரணம். பார்வையாளர் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சிரிப்பு வரும் என்று பழகியிருந்தார்கள். வில் அந்த அறையில் நடந்தபோது அடுத்தது கிண்டல்தான் என்று காத்திருந்தார்கள். கிண்டல் வரவில்லை, அரங்கம் மௌனமாக இருந்தது. எப்போதும் சிரிக்கிற வீட்டில்தான் அந்த மௌனம் கேட்கும். எல்லா அறைகளும் ஏற்கெனவே மங்கலாக இருக்கும் வீட்டில், எல்லோரும் எப்போதும் தாழ்ந்த குரலில் பேசும் வீட்டில், இன்னொரு மௌனம் யார் காதில் விழும்?

பிறர் செய்த முயற்சிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘த மேரி டைலர் மூர் ஷோ’ 1977இல் முடிந்ததும், அதில் மினியாபொலிஸ் தொலைக்காட்சிச் செய்திப்பிரிவின் தலைவராக வந்த லூ கிராண்ட் என்ற பாத்திரத்தை மட்டும் எடுத்து, லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ் ஒன்றின் நகர ஆசிரியராக்கி, சிரிப்பொலி இல்லாத ஒரு மணி நேர நாடகம் எடுத்தார்கள். ‘லூ கிராண்ட்’ 1982 வரை ஓடியது. ஒரே பாத்திரத்துக்காக நகைச்சுவைப் பிரிவிலும் நாடகப் பிரிவிலும் எம்மி விருது பெற்றார் எட் ஆஸ்னர். அவர்கள் பழைய துணுக்குகளுக்கு விளக்கம் எழுத முனையவில்லை. ஆள் அதே ஆள். ஊரும் வேலையும் வேறு. அவருடைய முரட்டுத்தனம் முன்பு வேடிக்கையாக இருந்தது, இப்போது நாளிதழ் அலுவலகத்தில் ஒரு தொழில்முறைக் குணமாக இருக்கிறது. ‘த மன்ஸ்டர்ஸ்’ (1964–1966) தொடரை நாடகமாக்க என்பிசி எடுத்த ‘மாக்கிங்பேர்ட் லேன்’, 2012 அக்டோபரில் ஒரே ஓர் எபிசோடாக ஒளிபரப்பாகி அத்தோடு நின்றது. அழகான செட், நல்ல நடிகர்கள். ஆனால் அரக்கர்கள் தங்களைச் சாதாரணக் குடும்பம் என்று நம்பிக்கொண்டிருந்ததுதான் மூலத்தின் ஒரே வேடிக்கை, தாங்கள் அரக்கர்கள் என்று அவர்கள் கவலைப்படத் தொடங்கியதும் அடியில் எதுவும் மிஞ்சவில்லை.

எனக்குப் பிடித்த முயற்சி எந்தப் பழைய தொடரையும் நேரடியாகத் தொடாதது: ஏஎம்சியில் 2021, 2022இல் இரண்டு சீசன்கள் வந்த ‘கெவின் கேன் எஃப் ஹிம்செல்ஃப்’. பொறுப்பற்ற, சத்தமான கணவன். அழகான, சலித்துக்கொள்ளும் மனைவி. எத்தனையோ அமெரிக்க சிட்காம்களில் பார்த்த ஜோடி. கணவன் அறையில் இருக்கும்போது வெளிச்சம் பளிச்சென்று, பல கேமராக்கள், சிரிப்பொலி. அவன் வெளியே போனவுடன், அல்லது மனைவி ஆலிசன் சமையலறைக்குள் நுழைந்தவுடன், நிறம் வடிந்து, சிரிப்பு அறுந்து, ஒற்றைக் கேமராவில் அவளுடைய முகம். அவளுடைய பணத்தை அவன் தொலைத்தது அங்கே வேடிக்கை, இங்கே அவள் வாழ்க்கை. கடைசி எபிசோடில் விவாகரத்து வேண்டும் என்று அவள் சொல்லும்போது, முதன்முறையாக அவன் இருக்கும் அறையிலேயே அந்தப் பளிச்சென்ற வெளிச்சம் போய்விடுகிறது. இவ்வளவு நாளும் நாம் சிரித்துக்கொண்டிருந்த மனிதனின் உண்மையான குரலைக் கேட்கிறோம். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால், ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்கிறது. ‘பெல்-ஏர்’ தொடருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அங்கே சாட்சி, பார்வையாளரின் முப்பது ஆண்டு நினைவு மட்டுமே. பழைய தொடரைப் பார்க்காத ஒருவருக்கு ‘பெல்-ஏர்’ நன்றாக எடுக்கப்பட்ட, சற்று மிகையான குடும்பத் தொடர். பார்த்தவருக்கு அது ஒவ்வொரு காட்சியிலும் பழைய காட்சியோடு வழக்காடும் தொடர். பழைய விவியனாக நடித்த ரீடும், வில்லின் தாயாக நடித்த வெர்னி வாட்சன் ஜான்சனும் முதல் சீசனில் வேறு பாத்திரங்களில் தலைகாட்டியதன் இனிமையும் பின்னவருக்கு மட்டுமே.

ஆகவே, வேறு எந்தச் சிட்காமை இப்படி மாற்றலாம் என்று கேட்பவர், பத்து எபிசோடுகளைப் பார்த்து, சிரிப்பு யாருடைய செலவில் வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆளின் செலவில் திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஆள்தான் நாடகத்தின் வாசல். கதையை அவர் பக்கத்திலிருந்து தொடங்கலாம். புரிதல் தவறுகளாலும் ஓடிப்பிடிப்பதாலும் மட்டுமே சிரிப்பு வருகிறதென்றால், அதை அப்படியே விட்டுவிடுவது மரியாதை; அங்கே யாரும் எதையும் விழுங்கவில்லை, திறப்பதற்கும் எதுவும் இல்லை.

மாற்றவே முடியாத ஒன்றையும் காட்டிவிடுகிறேன். 1996 மே மாதம், பழைய தொடரின் கடைசி எபிசோட். வீடு விற்றாகிவிட்டது. ஜெஃப்ரி மகனோடு இருக்க லண்டனுக்குப் புறப்படுகிறார். எல்லோரும் விடைபெற்றுப் போய்விட்டார்கள். சாமான்கள் அகற்றப்பட்ட வரவேற்பறையில் வில் தனியாக நிற்கிறான். ஆறு ஆண்டுகள் நடித்த அரங்கத்தை ஸ்மித்தும் பார்க்கிறார். தொண்டை அடைக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு வெளியே போகிறான். இருட்டு. அப்போது மாடியில் குளியலறையில் இருந்த கார்ல்டன், எல்லோரும் எங்கே போனீர்கள் என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறான்.